மேப் சொல்வது கார் நேரம், குழந்தை நேரம் வேறு

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்தில் அநேகமாக எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். கூகுள் மேப்ஸைத் திறந்து நம் வீட்டுக் கூரையைத் தேடுவோம். அது கிடைத்ததும் அடுத்த ஆசை வரும். இங்கிருந்து இன்ன ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்போம். நொடியில் கிலோமீட்டரும் மணியும் வந்துவிடும். அந்த மணியை அப்படியே நம்பி, சின்னக் குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளம்பக் கூடாது என்பது என் கருத்து. மேப் பார்த்து முடித்ததும் அதை மூடிவிட்டு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறங்கள். இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மேப் எப்படிக் கணக்குப் போடுகிறது? சாலைகளைக் கோடுகளாகவும் சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நேரம் கொடுத்து, மொத்தம் குறைவாக வரும் வழியைத் தேடுகிறது. இந்த வகைத் தேடலுக்கு அடிப்படையான முறையை நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-ல் உருவாக்கினார். ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியுடன் கடை கடையாக அலைந்து களைத்து, காபி குடிக்க உட்கார்ந்தபோது 20 நிமிடத்தில் மனதிலேயே போட்ட கணக்கு அது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1959-ல் கட்டுரையாக வெளிவந்தது. இன்ஜினியரிங் கல்லூரியில் நாங்கள் பரீட்சைக்கு முதல் நாள் உருப்போட்ட பாடம். இன்றைய மேப் புரோகிராம்கள் அதன் மேல் போக்குவரத்து நெரிசல், சாலை மூடல் என்று எவ்வளவோ சேர்த்துவிட்டன. ஆனால், "பாப்பா ஒன்றுக்குப் போக வேண்டும் என்கிறாள்" என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கார் நிற்காமல் ஓடினால் எத்தனை மணி என்பதுதான் திரையில் வரும் எண். (டைக்ஸ்ட்ரா நிம்மதியாகக் காபி குடித்தார் என்றால், அன்று கூடக் குழந்தைகள் இல்லை என்று அர்த்தம்.)

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். அக்காவின் கணவர், எங்கள் மாமா, திருப்பூரில் சிறிய நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். திருப்பூருக்குக் காட்டன் பனியன் எப்படியோ, பஞ்சாபில் லூதியானாவுக்குக் கம்பளி ஸ்வெட்டர் அப்படி. அந்த ஊரைப் பார்க்க வேண்டும், அதுவும் சொந்தக் காரில் குடும்பத்தோடு போக வேண்டும் என்பது மாமாவின் பல வருட ஆசை. வழி சிக்கலே இல்லை. அவிநாசியில் ஏறினால் தேசிய நெடுஞ்சாலை 544, அதாவது பழைய 47. சேலத்தில் 44-ஐப் பிடித்தால் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி வழியாக அதே சாலை லூதியானா வரை போகிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் சாலை அது. தூரம் ஒரு பக்கம் சுமார் 2,800 கிலோமீட்டர். மேப் காட்டிய நேரம் சுமார் 50 மணி. குழந்தைகள் இருவர், மூத்தவனுக்கு 6 வயது, இளையவளுக்கு இரண்டரை. காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை லீவு எல்லாம் சேர்த்து மாமாவுக்குக் கிடைத்தது 11 நாள்.

"ஏன் மாப்ள, அம்பது மணின்னு அதே சொல்லுதே. நாளைக்குப் பதிமூணு மணி நேரம் ஓட்டுனா நாலு நாளு. போக நாலு, வர நாலு, அங்க ரெண்டு. ஒரு நாள் மிச்சம்!" என்றார்.

"அது காரோட கணக்குங்க மாமா" என்றேன்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க ரொம்பப் பேச வேண்டியதில்லை. ஓர் ஆர்டருக்கு 1,000 கிலோ துணி தேவை என்றால், எந்த மெர்சன்டைசரும் 1,000 கிலோ நூல் மட்டும் வாங்க மாட்டார். நிட்டிங்கில் கொஞ்சம், டையிங்கில் கொஞ்சம் என்று எடை குறையும் என்று அவருக்குத் தெரியும். பிராசஸ் லாஸ் என்று ஒரு சதவீதம் போட்டுத்தான் நூல் வாங்குவார். ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, மழை பெய்தால் துணி காயாது என்பதைக்கூட யோசித்து நாள் குறிப்பார். அதே மனிதர் குடும்பத்தோடு காரில் கிளம்பும்போது மேப் சொன்ன நேரத்தை ஒரு நிமிடம் கூடக் கூட்டாமல் எடுத்துக்கொள்கிறார். நூலுக்கு உள்ள மரியாதை நேரத்துக்கு இல்லை.

நேரத்துக்கு எவ்வளவு பிராசஸ் லாஸ் போடுவது? எங்கள் வீட்டுக் கணக்கு ஒன்றரை மடங்கு. உங்கள் வீட்டு எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு பழனிக்குப் போய் வாருங்கள். மேப் 2 மணி என்றது, வீட்டு வாசலில் ஏறி அடிவாரத்தில் இறங்க 3 மணி ஆனது என்றால் உங்கள் எண்ணும் ஒன்றரை. பால் குடிக்கும் குழந்தை இருந்தால் இன்னும் கூடும்.

இனி ஸ்ப்ரெட்ஷீட். எக்ஸெல் இருந்தால் அது. இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமை இலவசமாக டவுண்லோட் செய்து கொள்ளலாம். ஆறு நெட்டு வரிசைகள் போதும். முதலில் ஊர். இரண்டாவது, முந்தைய ஊரிலிருந்து கிலோமீட்டர். மூன்றாவது, மேப் சொல்லும் மணி. நான்காவது, குழந்தை மணி. இதில் சமக் குறி போட்டு, பக்கத்து செல்லை 1.5-ஆல் பெருக்கும்படி பார்முலா கொடுத்துவிட்டால், செல்லின் கீழ் மூலையைப் பிடித்து இழுத்ததும் மற்ற வரிசைகள் தானே நிரம்பிவிடும். ஐந்தாவது, அங்கே குழந்தைகள் இறங்கி ஓட என்ன இருக்கிறது. ஆறாவது, இரவு தங்குமிடம்.

புதியவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆறரை மணி நேரத்தை 6.30 என்று டைப் செய்துவிட்டுப் பெருக்குவார்கள். கம்ப்யூட்டருக்கு 6.30 என்பது 6 மணி 18 நிமிடம். 6.5 என்றுதான் தர வேண்டும்.

கம்ப்யூட்டரில் மேப்ஸ் பார்க்கும்போது 'லீவ் நவ்' என்று இருப்பதை 'டிபார்ட் அட்' என்று மாற்றி, கிளம்பும் நாளையும் நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, குறைந்தால் இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டு எண் காட்டும். மூன்றாவது வரிசைக்கு எப்போதும் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வரிசையை எந்த நாளிலும் 9 மணிக்கு மேல் போக விடாதீர்கள். காலை 6-க்குக் கிளம்பினால் மாலை 3 மணிக்குத் தங்குமிடம். வெளிச்சம் இருக்கும்போதே குழந்தைகள் இறங்கி விளையாடினால்தான் மறுநாள் காலையில் அழாமல் ஏறுவார்கள். இந்த விதியைப் போட்டதும் மாமாவின் 50 மணி 75 ஆனது. அதை 9-ஆல் வகுத்தால் ஒரு பக்கம் 9 நாள். போக வர 18, லூதியானாவில் 2, ஆக 20 நாள். கையில் இருப்பது 11.

மாமா இரண்டு நாள் அந்த பைலைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் அக்கா திறந்தாள். அவள் கணக்கு எதையும் பார்க்கவில்லை, ஐந்தாவது வரிசையைப் பார்த்தாள். மாமாவின் நாலு நாள் திட்டத்தையும் பக்கத்து ஷீட்டில் அதே ஆறு வரிசையில் போட்டு வைத்திருந்தேன். "ஏனுங்க, இதுல நாலு நாளும் குழந்தைங்க எறங்கி விளையாடற எடத்துல ஒண்ணுமே எழுதலியே?" என்று கேட்டாள். அந்தக் கட்டங்கள் காலியாகத்தான் இருந்தன. 13 மணி நேரம் ஓட்டும் நாளில் அங்கே எழுத எதுவும் கிடையாது.

அந்தத் திட்டத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. 13 மணி நேர ஓட்டத்தோடு சாப்பாடு, கழிப்பறை, டீசல் எல்லாம் சேர்த்தால் அதிகாலை 4 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கும் ஸ்டியரிங்கில் இருப்பார். 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று கண்டது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம். சொட்டுக் கூடத் தொடாதவரும் தூக்கம் கெட்டால் அந்த வரம்பைத் தாண்டிய நிலைக்குப் போய்விடுகிறார். ஊதச் சொல்லும் மெஷினில் தூக்கம் தெரியாது. ஒன்றரை ஷிப்ட் வேலை முடித்து, பொட்டலச் சாப்பாட்டோடு ராத்திரியே கிளம்பும் வழக்கம் நம் ஊரில் அதிகம். "குழந்தைகள் தூங்கிவிடும், தொந்தரவு இருக்காது" என்பார்கள். குழந்தைகள் தூங்கட்டும். ஓட்டுபவரும் அதே நேரத்தில் தூங்க வேண்டியவர்தானே.

கடைசியில் முடிவானது ஹைதராபாத் தாண்டி நிர்மல் வரை. போக 4 நாள், வர 4 நாள், மீதி 3 நாள் ஹைதராபாத். லூதியானாவுக்கு மாமா மட்டும் பிறகு ரயிலில் போவதாக ஏற்பாடு. தூரம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. ஆனால் ஷீட்டில் காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லை. முதல் நாள் ஓசூரிலேயே நிறுத்தம். பெங்களூரை மறுநாள் விடிவதற்குள் கடக்க அதுதான் வழி. மாலையில் உள்ளே மாட்டினால் ஒன்றரை மடங்கும் போதாது. இரண்டாம் நாள் நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி லேபாக்ஷி. ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தியைச் சுற்றி ஓடலாம். இரவு அனந்தபூர். அங்கிருந்து கர்னூல் வழியாக ஹைதராபாத். நிர்மல், மரப் பொம்மைகளுக்குப் பெயர் போன தெலங்கானா ஊர். புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகள். ஆறு வயதுப் பையனுக்கு லூதியானாவின் நிட்டிங் மெஷினை விட அது மேல் என்று மாமாவே ஒப்புக்கொண்டார்.

மாதத்தையும் ஷீட் போட்ட பிறகே முடிவு செய்யுங்கள். பள்ளி லீவு மே மாதத்தில் என்பதற்காக நாக்பூர்ப் பக்கம் போனால் வெயில் 45 டிகிரியைத் தொடும். டிசம்பர், ஜனவரியில் டெல்லி, பஞ்சாப் பக்கம் காலைப் பனிமூட்டத்தில் முன்னால் போகும் லாரி தெரியாது. திரும்பும் வழியையும் போன வழியின் நகலாக நினைக்காதீர்கள். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். விபத்துகளுக்குப் பெயர் பெற்ற இடம். மேப்பில் ஏற்றமும் இறக்கமும் ஒரே நீலக் கோடு. அந்த வரிசையில் 'பகலில் மட்டும்' என்று நான் சிவப்பு நிறம் கொடுத்திருந்தேன்.

குழந்தை இருக்கைக்கு வருவோம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சீட் பெல்ட் அல்லது குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை கட்டாயம். தவறினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். முன் சீட்டில் அம்மா மடியில் குழந்தை என்பது நம் ஊரில் பாசமாகப் பார்க்கப்படுகிறது. பிரேக் அடித்து மோதும் நொடியில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது; ஏர்பேக் விரிந்தால் முதல் அடி குழந்தைக்கு. இருக்கைக்கான விலையை ஷீட்டில் முதல் செலவாக எழுதுங்கள். லேப்டாப் பை, கூலிங் கிளாஸ் எல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதிக்கொண்டே இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் சொல்கிறேன். டேப்லெட்டில் நாற்பது கார்ட்டூன் ஏற்றிக் கையில் கொடுத்துவிட்டால் பயணம் முழுக்கக் குழந்தை அமைதியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வரை வண்டிக் குமட்டல் அதிகம் வரும் பருவம்; ஓடும் காரில் குனிந்து திரையைப் பார்த்தால் அது இன்னும் கூடும். பாட்டும் கதையும் காதால் கேட்கும்படி பதிவு செய்து வையுங்கள். மூத்தவனுக்கு நான் ஏ4 தாளில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வழியில் வரும் ஆறுகள்: பவானி தாண்டியதும் காவிரி, பாமிடியில் பெண்ணாறு, கர்னூலில் துங்கபத்ரா, பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி. ஒவ்வொரு பாலத்திலும் ஒரு டிக் போட வேண்டும். தண்ணீர் இருந்ததா இல்லையா என்று பக்கத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னது அவன்தான். நொய்யலைப் பார்த்து வளர்ந்தவன்.

கடைசியாக, ஷீட்டின் அடியில் சில வரிகள் சேர்த்துப் பிரிண்ட் எடுங்கள். ஒவ்வொரு குழந்தையின் எடை (காய்ச்சல் மருந்து எடையைப் பார்த்துத்தான் தருவார்கள்), ஒவ்வாத மருந்துகள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண், நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112. வழித்தட மேப்பை போனில் ஆஃப்லைனாக டவுண்லோட் செய்து கொள்ளுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய இன்டர்நெட் தேவையில்லை, மேப் படத்துக்குத்தான் தேவை. பாஸ்டேக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பிரிண்ட் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் காரின் டேஷ்போர்டிலும் மற்றதை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் கொடுத்து வையுங்கள். எந்த இரவு எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் போன் செய்து கேட்பார்கள்.