நாற்காலியா, நல்ல சட்டமா?

பதவி போய்விடுமே என்று அஞ்சி நல்ல மசோதாவைக் கைவிடலாமா?

2010 மார்ச்சில் அமெரிக்காவில் இக்கேள்வி எழுந்தது. காப்பீடு இல்லாதவர்களுக்கும் வைத்தியம் கிடைக்க ஒபாமா சர்க்கார் கொண்டுவந்த மசோதாவுக்கு நாட்டில் பலத்த எதிர்ப்பு. பிரதிநிதிகள் சபையில் 219 பேர் ஆதரித்தனர். 212 பேர் எதிர்த்தனர். எதிர்த்தவர்களில் ஆளுங்கட்சியாரே 34 பேர்! நவம்பர் தேர்தலில் அக்கட்சி 63 இடங்களை இழந்தது. சட்டமோ நிலைத்தது. 2017இல் அதை ரத்துச் செய்யும் முயற்சி செனட்டில் 49க்கு 51 என்று தோற்றது.

நம் நாட்டில் ராஜஸ்தான் சட்டசபை 2023 மார்ச் 21இல் சுகாதார உரிமை மசோதாவை நிறைவேற்றியது. தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தும் சட்டம் வாபஸாகவில்லை. ஆனால் நடந்தது குரல் வாக்கெடுப்பு. எவர் எப்பக்கம் என்பதற்கு ஏட்டில் பெயரில்லை.

இத்தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. மக்களவையில் ஒரே உறுப்பினர். பெரிய வியாதி என்றால் கூலிக்காரரும் குமாஸ்தாவும் சென்னைக்குக் கப்பலோ விமானமோ ஏற வேண்டியிருக்கிறது. எனவே, மருத்துவ மசோதா வரும்போது எப்பக்கம் நின்றீர்கள் என்று நம் உறுப்பினரைக் கேட்போம். நமக்காக நின்று அவர் பகையைத் தேடிக்கொண்டால், அடுத்த தேர்தலில் அவரைக் கைவிடாதிருப்பது நம் கடமை.