மல்லிகை மொட்டுக்கு எது தூரம்?

திண்டுக்கல் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வெள்ளோடு, நிலக்கோட்டை வட்டாரத்து மல்லிகை கடல் தாண்ட வேண்டுமானால் மதுரைக்குத்தான் முதலில் போக வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை விமான நிலையம் சுமார் 75 கிலோமீட்டர். நிலக்கோட்டைக்காரர்களுக்கு இன்னும் கிட்டம். 2012ஆம் ஆண்டில் அங்கிருந்து கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கியது முதல், இனிப் பூவுக்கு நல்ல விலை கிடைத்துவிடும் என்ற பேச்சும் கூடவே பறந்து வருகிறது.

பேச்சில் பாதிதான் உண்மை.

மதுரைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். துபாய்க்கும் அதே அளவுதான். நேராகப் பறந்தால் இரண்டு ஊருக்கும் சுமார் நான்கு மணி நேரமே. ஆனால் கடிகாரம் வேறு கணக்குச் சொல்லும். மதுரையில் பகல் 12 மணிக்குக் கிளம்பும் விமானம் துபாயில் இறங்கும்போது அவ்வூர் நேரம் 2.30, சிங்கப்பூரில் மாலை 6.30. துபாயில் அன்றே பூவை விற்றுவிடலாம். சிங்கப்பூரில் பெட்டி வெளியே வருவதற்குள் இருட்டிவிடும். மொட்டுக்கோ ஊர் நேரம் தெரியாது. விடியலில் பறித்தது அன்று மாலை, இரவுக்குள் வாய் திறந்துவிடும்.

ஆகவே விவசாயி பார்க்க வேண்டியது பறக்கும் நான்கு மணியை அல்ல; தரையில் போகும் நேரத்தை. இருட்டோடு இருட்டாகப் பூ எடுக்க இறங்கினாலும் கூடை மார்க்கெட்டுக்கு வர எட்டு, ஒன்பது மணி ஆகிறது. பிறகு எடை, ஏலம், தரம் பிரிப்பு, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டுவது, வேன் பயணம், விமான நிலையத்தில் சுங்கச் சோதனை. இத்தனையும் சேர்ந்தால் பறக்கும் நேரத்தை மிஞ்சிவிடும். அதிலும் ஐஸ் ஏறுவதற்கு முந்திய நேரம்தான் பொல்லாதது. குவித்துப் போட்ட பூ தன் சூட்டிலேயே வேகும். வெயிலில் போன ஒரு மணி நேரத்தை எந்த விமானமும் திருப்பித் தராது.

மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் மதுரைக்கு, அதில் நிலக்கோட்டையின் வேர்வையும் உண்டு. அந்தப் பெயரால் வரும் ஏற்றுமதி விலை தோட்டம் வரை வருகிறதா என்பதே கேள்வி. தை மாதத்தில் பூ அருமையாகி, கிலோ ஆயிரங்களில் விற்கும்போது விமானத்தை யாரும் நினைப்பதில்லை. பங்குனி, சித்திரையில் பூ மலையாகக் குவிந்து, சென்ட் தொழிற்சாலை கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் நாளில்தான் வெளியூர்ச் சந்தை வேண்டும். மதுரைக்கு வருபவை நடுத்தர விமானங்கள். பயணிகளின் பெட்டிகள் போக மிஞ்சிய இடம்தான் பூவுக்கு. அந்த இடத்தைப் பிடிப்பவர் ஏற்றுமதி வியாபாரி, அரை ஏக்கர்க்காரர் அல்ல.

புது விமானம் கேட்பதற்கு முன், பூ இறங்கும் இடத்திலேயே சிறு விவசாயியும் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தும் குளிர் அறையைக் கேட்பதே முறை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் இரண்டு மணி நேரமாவது மிச்சமாகும். கூடவே, பறித்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கூடைமேல் செருகும் பழக்கமும் வர வேண்டும். நான்கு மணிக்கு எடுத்த பூவும் வெயில் ஏறிய பின் எடுத்த பூவும் ஒரே குவியலில் விழுந்து ஒரே விலைக்குப் போவது, முந்தி எழுந்தவருக்குத்தான் நஷ்டம்.