ஜெராக்ஸ் கடையில் கற்ற சட்டம்



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் என்னைத் தனியாகச் சந்தித்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் தில்லிக்கு வந்து, ஒரு கல்லூரியின் அருகே ஜெராக்ஸ் கடை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறவர். அவருடைய மகள் சட்டம் படித்து, இரண்டு ஆண்டுகளாக ஒரு வழக்கறிஞரிடம் பணிபுரிகிறாள். ஜெர்மனிக்குச் சென்று அறிவுசார் சொத்துரிமையும் தரவுச் சட்டமும் பற்றிய முதுகலைப் பட்டம் பெற வேண்டுமென்பது அவளுடைய வாஞ்சை.

"ஐயா, அதற்கு ஊரிலுள்ள வீட்டை அடகு வைக்க வேண்டும். சொத்து என்றால் நிலம், வீடு, நகை. அறிவு எப்படி ஐயா சொத்தாகும்?" என்று அவர் கேட்டார். எனக்கும் உடனே பதில் தெரியவில்லை. ஆகவே மகளையே அழைத்து விளக்கச் சொன்னேன். அவள் தன் தகப்பனுடைய கடையிலிருந்தே தொடங்கினாள்.

"அப்பா, நீங்கள் நகல் எடுக்கும் புத்தகத்தின் தாள் வாங்கியவனுடையது. அதில் உள்ள எழுத்தோ எழுதியவருடையது. நம் நாட்டில் அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். புதிய மருந்தைக் கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை 20 ஆண்டுகள். அதன்பின் அது எல்லாருக்கும் பொது. எதுவரை ஒருவருக்குச் சொந்தம், எங்கிருந்து ஊருக்குப் பொது என்று எல்லை போடுவதே இந்தச் சட்டம்."

சகோதரருக்குப் பழைய நினைவு வந்தது. 2012-ஆம் ஆண்டு மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும், அதன் வளாகத்திலிருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின்மீதும் வழக்குத் தொடுத்தன. பாடப் புத்தகங்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவருக்கு நகலெடுத்துக் கொடுத்ததே குற்றச்சாட்டு. அந்நாட்களில் இவரும் பயந்து, அத்தகைய தொகுப்புகளைத் தொடாதிருந்தாராம். 2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை என்பது தெய்வீக உரிமையுமல்ல, இயற்கை உரிமையுமல்ல, அறிவு வளரும்படி சட்டம் கொடுத்த உரிமை என்ற கருத்தில் நீதிபதி தீர்ப்பெழுதினார். மேல்முறையீட்டுக்குப்பின் 2017-இல் பதிப்பகங்கள் தாங்களே வழக்கைக் கைவிட்டன. தன் கல்லாப்பெட்டியைக் காத்த சட்டத்தையே மகள் படிக்க விரும்புகிறாள் என்பதை அவர் அன்றுதான் உணர்ந்தார்.

"அப்படியானால் தரவுச் சட்டம்?" என்று நான் கேட்டேன்.

"ஐயா, வாடிக்கையாளர்கள் ஆதார் அட்டையையும் மருத்துவ அறிக்கையையும் வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பி அச்செடுக்கிறார்கள். அவை கடைக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகின்றன. அவை யாருடையவை?" என்றாள் அவள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. மிகப்பெரிய தவறுகளுக்கு அபராதம் 250 கோடி ரூபாய்வரை விதிக்கலாம்.

ஜெர்மனியை ஏன் தெரிந்துகொண்டாள் என்பதற்கும் அவளிடம் காரணம் இருந்தது. உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் அந்நாட்டின் ஹெஸ்ஸே மாநிலத்தில் பிறந்தது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தலைமையகம் மியூனிக் நகரில் உள்ளது. அங்கே 2003 முதல் இத்துறைக்கென ஒரு கல்வி மையம் ஆங்கிலத்தில் முதுகலைப் படிப்பை நடத்துகிறது. டிரெஸ்டன் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ சொத்துரிமையும் தரவுச் சட்டமும் ஒரே பட்டத்தில் இணைந்துள்ளன.

இந்த வகுப்புகளில் தவறாமல் பேசப்படும் ஒரு வழக்கையும் அவள் சொன்னாள். ஸ்வீடன் நாட்டுத் திருச்சபை ஒன்றில் பணிசெய்த ஒரு பெண்மணி, திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவும்பொருட்டு, 1998-இல் சக ஊழியர் 18 பேரைப்பற்றி இணையத்தில் எழுதினார். அவர்களில் ஒருவர் காலில் காயப்பட்டதால் அரைநேரம் மட்டுமே பணிசெய்கிறார் என்பதையும் குறிப்பிட்டார். அவர்கள் விரும்பவில்லை என்றறிந்ததும் நீக்கிவிட்டார். ஆயினும் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது. காயத்தைப் பற்றிய அந்த ஒரு வரியும் ஒருவருடைய உடல்நலத் தரவே என்று 2003 நவம்பர் 6 அன்று நீதிமன்றம் கூறியது.

இதைக் கேட்டபோது என் இருதயம் குத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வாலிப சகோதரியின் மனநோய்ச் சிகிச்சையைப் பெயரோடு ஜெபக் குறிப்பில் எழுதி, சபையின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியவன் நான். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். அது கைமாறிக் கைமாறி, அவளுக்கு வந்திருந்த திருமணப் பேச்சு நின்றுபோயிற்று. அவளுடைய தாயார் என் முன்னால் சிந்திய கண்ணீரை நான் மறக்கவில்லை. பிறருடைய பொருளைத் தொடாதிருக்கக் கற்ற நான், பிறருடைய வேதனையும் அவர்களுக்கே உரியது என்பதைக் கற்றிருக்கவில்லை. இப்பொழுது அனுமதி கேளாமல் எவருடைய நோயையும் நாங்கள் எழுதுவதில்லை.

ஆனாலும் பிரியமான பெற்றோரே, படிப்பு நல்லது என்பதனாலேயே கடன்பட்டுவிடக் கூடாது. சகோதரரோடும் மகளோடும் அமர்ந்து விசாரித்து அறிந்தவற்றை இங்கே தருகிறேன். ஜெர்மனியில் கல்வி இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தகைய சிறப்பு முதுகலைப் படிப்புகள் பலவற்றிற்குக் கட்டணம் உண்டு. மாணவர் விசாவுக்கு, மாதந்தோறும் அளவாக மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுத் தொகையைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழும் தேவை. மேலும், இந்தப் பட்டம் மட்டும் ஜெர்மானிய நீதிமன்றத்தில் வாதாட உரிமை தராது. அதற்கு ஜெர்மன் மொழியில் இரண்டு அரசுத் தேர்வுகள் எழுத வேண்டும். இங்கே திரும்பிச் சட்டக் கல்லூரியில் கற்பிக்க எண்ணுகிறவர்கள், ஓராண்டு வெளிநாட்டுப் பட்டம் ஏற்கப்படுமா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்துமூலம் கேட்டறிய வேண்டும்.

இவற்றையெல்லாம் கணக்கிட்டபின், வீட்டை அடகு வைப்பதில்லை என்று குடும்பமாகத் தீர்மானித்தார்கள். மகள் இன்னும் ஓராண்டு பணிசெய்து பணம் சேர்ப்பாள். உதவித்தொகைக்கும் விண்ணப்பிப்பாள். கிடைத்தால் தகப்பனே விமான நிலையம்வரை சென்று வழியனுப்புவாராம்.

பிள்ளைகள் சொல்லும் படிப்பின் பெயர் நமக்கு விளங்கவில்லை என்பதற்காக மறுத்துவிடாதிருங்கள். விளங்கிவிட்டது என்ற உற்சாகத்தில் இருக்கும் வீட்டையும் இழந்துவிடாதிருங்கள். அவர்களையே விளக்கச் சொல்லிப் பொறுமையோடு கேளுங்கள்.

சென்ற வாரம் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். சகோதரர் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து, அன்று வந்த கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். "மகள் சொன்னாள் ஐயா, இவை நம்முடையவை அல்லவாம்" என்றார். அழித்து முடித்த பின்பே கடையைப் பூட்டினார்.