மூங்கில் வளைக்கக் கற்றுத் தருகிறோம், வாருங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டப் பொதுமக்களே,

நாங்கள் மூங்கில் வேலைக்காரர்கள். கூடை, முறம், ஏணி, தொட்டில், நாற்காலி எல்லாம் செய்கிறோம். எங்களில் பலர் அறுபதைத் தாண்டிவிட்டோம். பிள்ளைகள் இந்த வேலைக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். 'கூடைக்காரன் மகன்' என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு வாங்கியவன் எப்படிக் கத்தியைத் தொடுவான்?

மூங்கில் கூடையில் போன மாம்பழம் இப்போது பிளாஸ்டிக் டிரேயில் போகிறது. கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகும் நாமக்கல் பக்கம், வீட்டுக் கோழியைக் கவிழ்க்க ஒரு பஞ்சாரம் வேண்டுமென்றால் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. கூடை விற்காவிட்டால் நாற்காலி செய்து பிழைத்துக்கொள்வோம். கைப்பழக்கம் எங்களோடு போய்விட்டால் என்ன செய்வது?

நாற்காலிக்குக் கை வளைப்பதையே பாருங்கள். மூன்று, நான்கு வருடம் முற்றிய மூங்கில் வேண்டும். உள்ளே கூடாக இருந்தால் கணுவுக்குக் கணு சிறு துளை போட்டாக வேண்டும். இல்லையென்றால் அடைபட்ட காற்று சூடேறி வேட்டுப் போல வெடிக்கும். தணலுக்கு மேலே பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தால் மேல்தோல் வியர்த்தது போல மினுங்கும். அந்தப் பதத்தில் முளையடித்த பலகையில் கொடுத்து வளைத்து, ஈரத்துணியால் ஒற்றி ஆறவிட வேண்டும். முந்தினால் ஒடியும், பிந்தினால் கருகும். பக்கத்தில் உட்கார்ந்து நாலு மூங்கிலை ஒடித்த பிறகுதான் பதம் பிடிபடும். பிரம்பு இவ்வளவு பாடுபடுத்தாது. சீர்காழிப் பக்கம் தைக்காலில் வெளியூர்ப் பிரம்பை வரவழைத்து சோபாவே செய்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பது கொல்லிமலையும் சேர்வராயனும். அங்கே விளைவது மூங்கில்.

தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் கூடை முடைவோருக்கும் 3 லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு. மானியம் 50,000 ரூபாய் வரை. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். இருபது வயதுக்காரருக்கு முதலில் வேலை தெரிய வேண்டும். அதைச் சொல்லித் தருவது எங்கள் பொறுப்பு.

சாதி கேட்க மாட்டோம். பிறப்போடு ஒட்டவைத்ததால்தான் இந்த வேலை இந்த நிலைக்கு வந்தது என்பது எங்கள் எண்ணம். பெண்கள் வரலாம், முறம் முடைவதில் எங்கள் வீட்டுப் பெண்களின் கைக்கு எங்கள் கை ஈடாகாது.

விவசாயிகள் வரப்போரம் இரண்டு புதர் மூங்கில் வையுங்கள். வீடு கட்டுகிறவர்கள் திண்ணைக்கு இரண்டு நாற்காலி சொல்லுங்கள், விலையைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு ஒப்பிடாமல். தலைமையாசிரியர்கள் வாரம் ஒரு மணி நேரமும் ஒரு மரத்தடியும் கொடுத்தால் நாங்களே பள்ளிக்கு வருகிறோம். பணம் வேண்டாம், பஸ் செலவு கொடுத்தால் போதும்.

கற்க வருகிறவர்களுக்கு மூங்கில் நாங்கள் தருகிறோம். ஒரு வெட்டுக்கத்தியும், விரலில் சுற்றிக்கொள்ளப் பழைய சைக்கிள் டியூப் துண்டும் மட்டும் எடுத்து வாருங்கள்.