நாள் தள்ளிப்போன பிறகு அல்ல, அதற்கு முன்பே

என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் பொதுவாக எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். புதிதாகக் கல்யாணமானவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

நம் வீடுகளில் ஆஸ்பத்திரிப் பேச்சு எப்போது தொடங்குகிறது? நாள் தள்ளிப்போன பிறகு. இல்லையென்றால், இரண்டு வருஷமாகியும் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று ஊரார் கேட்க ஆரம்பித்த பிறகு. இரண்டுமே தாமதம் என்பதுதான் என் கருத்து. குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்ததுமே, கணவனும் மனைவியும் சேர்ந்துபோய் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான சுமார் 28 நாட்களிலேயே மூடிவிடுகிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரியவருவதே அந்தச் சமயத்தில்தான். அதனால்தான் ஃபோலிக் அமில மாத்திரையை, தினம் 400 மைக்ரோகிராம், கரு உண்டாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். சிலருக்கு அளவு மாறும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் முன்பே சரிசெய்துகொள்ளலாம். சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், ரத்த வகை, ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., சிபிலிஸ் எல்லாம் பார்த்துவிடுங்கள். ருபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால், ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் கருத்தரிக்கலாம். கர்ப்ப காலத்தில் அந்த ஊசி போடக் கூடாது. இப்போது சொல்லுங்கள், முன்னாலேயே பார்ப்பது நல்லதா இல்லையா?

மாப்பிள்ளைமார் நழுவ வேண்டாம். பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடி படித்தீர்களே, நினைவிருக்கிறதா? தாலசீமியா அதே கணக்குதான். கணவன், மனைவி இருவருமே அதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. சுமப்பவர் பெரும்பாலும் நல்ல திடமாகவே இருப்பார். பரிசோதித்தால்தான் தெரியும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டுபவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. ஒரே குறை இரு பக்கமும் இருக்க அங்கே வாய்ப்பு அதிகம்.

குழந்தை தள்ளிப்போனால் மருமகளை மட்டும் லேப் லேபாக அலைய விடுவதும் எனக்குச் சம்மதமில்லை. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிது, ஊசிகூடக் கிடையாது. அதற்கு வெட்கப்பட்டுவிட்டு, பெண்ணை ஏழெட்டு ஊசி குத்தவைப்பது என்ன நியாயம்?

"எங்க காலத்துல எந்த டெஸ்ட் எடுத்தோம், பத்துப் பெத்துக்கலையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தப் பத்தில் எத்தனை தங்கியது என்று அதே பாட்டியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமாகும்.

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. ரிப்போர்ட் அவர்கள் இருவருக்கும் டாக்டருக்கும் உரியது. அதை ஹாலில் விரித்துவைத்து யார் மேல் குறை என்று பஞ்சாயத்து பேசக் கூடாது. அப்படிப் பேசினால் அடுத்த வீட்டுப் பெண் பரிசோதனைக்கே போக மாட்டாள். குறை தெரிந்தால் பெரும்பாலும் வழியும் உண்டு.

செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை போன்ற அடிப்படைப் பரிசோதனைகளை அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், ஒரு குப்பி ரத்தம் கொடுக்கத் தயங்கலாமா?

உங்கள் வீட்டில் புதுத் தம்பதி இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். இருவருக்கும் அனுப்புங்கள், அவளுக்கு மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்