பெயரற்ற வைரசும் பெயர் சூட்டப்பட்ட மக்களும்

1993 மே மாதம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் நல்ல உடல்நலத்துடன் இருந்த இளைஞர்கள் சிலர் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டு சில நாட்களிலேயே இறந்தனர். முதலில் இறந்தவர்களுள் நவாஹோ பழங்குடியினர் இருந்தனர். நோய்க்காரணி தெரியவருமுன்பே ஊடகங்கள் அதற்கு ‘நவாஹோ ஃப்ளூ’ எனப் பெயரிட்டன. உணவக ஊழியர்கள் அவர்களுக்குப் பரிமாறக் கையுறை அணிந்தனர். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளியொன்று நவாஹோ மாணவர்களுக்கு விடுத்திருந்த அழைப்பைத் திரும்பப் பெற்றது. தீண்டாமையை அறிந்த நமக்கு இக்காட்சிகளை விளக்கத் தேவையில்லை.

சில வாரங்களில் உண்மை வெளிவந்தது. அது ஹான்டா வைரஸ் வகைகளுள் ஒன்று. மான் எலி எனப்படும் காட்டெலியின் சிறுநீர், எச்சம், எச்சில் ஆகியவை உலர்ந்து தூசியில் கலக்க, அத்தூசியைச் சுவாசிப்போரின் நுரையீரலில் நீர் கோக்கிறது. நோயுற்றோரில் மூவரில் ஒருவருக்கு மேல் இறக்கின்றனர். ஆனால் இவ்வகை மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே நவாஹோ மக்களை ஒதுக்கியதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

மழையும் பனியும் மிகுந்த பருவத்துக்குப் பின் பின்யான் கொட்டைகள் பெருகின, எலிகளும் பெருகின. இத்தொடர்பை நவாஹோ மூத்தோர் முன்பே அறிந்திருந்தனர். எலி தீண்டிய உணவையும் உடையையும் விலக்க வேண்டுமென்பது அவர்களது மரபு. நோயைத் தடுக்கும் அறிவைப் பெற்றிருந்த சமூகமே நோயின் பிறப்பிடமாக முத்திரை குத்தப்பட்டது.

வைரசுக்குப் பெயரிடுவதிலும் சிக்கல் எழுந்தது. ‘மூயெர்டோ கேன்யன்’ என்ற பெயர் முன்வைக்கப்பட்டபோது நவாஹோ மக்கள் எதிர்த்தனர். 1805இல் ஸ்பானியப் படை அவர்களது மூதாதையரைக் கொன்று குவித்த பள்ளத்தாக்கை அது நினைவூட்டியது. இறுதியில் ஸ்பானிய மொழியில் ‘பெயரற்றது’ எனப் பொருள்படும் ‘சின் நோம்ப்ரே’ என்ற பெயர் நிலைத்தது. நோய்ப் பெயர்களில் இடமோ மக்களோ தொழிலோ இடம்பெறக் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் நெறிமுறை வகுத்தது 2015இல்தான்.

2012இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் தங்கிய சுற்றுலாப் பயணிகளுக்கு இதே நோய் கண்டது. பத்துப் பேரில் மூவர் இறந்தனர். அப்போது கூடாரங்கள் மூடப்பட்டன, தங்கியிருந்தோருக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. எவரும் அதைச் ‘சுற்றுலாப் பயணிகள் காய்ச்சல்’ என்று அழைக்கவில்லை. கட்டடம் குற்றவாளியாயிற்று, மனிதர் அல்லர்.

எலி எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், கிருமிநாசினி கலந்த நீரால் நனைத்துத் துடைப்பதே தடுப்பு முறை. ஆனால் நவாஹோ நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக் குழாய்நீர் இல்லை. 1868 ஒப்பந்தத்தின்படி நீருக்கு வழிசெய்யும் கடமை அரசுக்கு உண்டென அவர்கள் தொடுத்த வழக்கை, 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் நிராகரித்தது. அறிவுரை உண்டு, அதைப் பின்பற்ற நீர் இல்லை.

இது நமக்கும் தொலைவான செய்தியன்று. வேலூர் ஆய்வாளர்கள் எலி பிடிக்கும் இருளர்களிடமும் கிடங்குத் தொழிலாளர்களிடமும் ஹான்டா தொற்றின் தடயங்களைக் கண்டறிந்துள்ளனர். இதனை இருளர் நோயாகப் பார்ப்பதா, பாதுகாப்பற்ற தொழிலின் நோயாகப் பார்ப்பதா என்பதே கேள்வி. முதலாவது இழிவை வளர்க்கும். இரண்டாவது பரிசோதனை, முகக்கவசம், கையுறை, இழப்பீடு ஆகியவற்றை உரிமையாகக் கோரும். நாம் நிற்க வேண்டியது இரண்டாவதன் பக்கம்.