சராசரிக்குள் மறைக்கப்படும் பள்ளிகள்

2024 செப்டம்பர் 13 அன்று, போர்ட் பிளேர் நகரம் இனி ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் என ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார். காலனியச் சின்னங்களை அகற்றுவதே நோக்கம் என்று காரணம் கூறப்பட்டது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள் இதைப் பற்றி விவாதிக்க அங்கே ஒரு சட்டமன்றம் கிடையாது. அறிவிப்பு வந்தது, பெயர்ப்பலகைகள் மாறின. அதே நகரத்தின் அரசுப் பள்ளிகளில் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் பணியிடங்கள், அவற்றில் எத்தனை காலியாக உள்ளன என்ற பட்டியலைப் பள்ளிச் சுவரில் எழுதி வைப்பதற்கு மட்டும் நிர்வாகத்திற்கு இத்தகைய வேகம் வருவதில்லை.

கேட்டால் ஒரு விடை தயாராக இருக்கும். தீவுகளில் ஆசிரியர் - மாணவர் விகிதம் தேசிய சராசரியைக் காட்டிலும் மேலானது என்பார்கள். இது உண்மைதான். நானூறுக்குச் சற்று முன்பின்னான பள்ளிகள், கடலால் பிரிக்கப்பட்ட சிறு குடியிருப்புகள், குறைந்த மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றால் அந்த விகிதம் இயல்பாகவே அழகாகத் தோன்றுகிறது. ஆனால் விகிதம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதைத் தோழர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விளக்கத்திற்காக இரண்டு பள்ளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்றில் 900 மாணவர்கள், 50 ஆசிரியர்கள். ஆசிரியருக்கு 18 மாணவர். மற்றொன்றில் 70 மாணவர்கள், 7 ஆசிரியர்கள். ஆசிரியருக்குப் பத்தே மாணவர். கோப்பில் பார்த்தால் இரண்டாவது பள்ளிதான் பாக்கியம் செய்தது. ஆனால் அங்கே ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நடக்கிறது. ஏழு பேரில் கணித ஆசிரியர் ஒருவரும் இல்லை. இருவர் தேர்தல் பணிக்கோ கணக்கெடுப்புக்கோ சென்றுவிட்டால் பத்து வகுப்புகளை ஐவர் மேய்க்க வேண்டும். முதல் பள்ளியில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஆள் உண்டு, நூலகர் உண்டு, விளையாட்டு ஆசிரியர் உண்டு. இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் சராசரி, இரண்டு பள்ளிகளில் எதைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

அகில இந்திய அளவிலும் இதே கதைதான். ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் தரவுகளின்படி 2024-25ஆம் கல்வியாண்டில் நாட்டின் ஆசிரியர் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. விகிதம் மேம்பட்டுள்ளதாக அமைச்சகம் பெருமை பேசியது. அதே தரவில் ஒரே ஓர் ஆசிரியருடன் இயங்கும் பள்ளிகள் 1,04,125. அவற்றில் படிக்கும் குழந்தைகள் ஏறத்தாழ 34 லட்சம். ஒரு மாணவர்கூட இல்லாத 7,993 பள்ளிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கணக்கில் இருக்கிறார்கள். இவர்கள் அனைவரும் சேர்ந்துதான் அந்த அழகான சராசரியை உருவாக்குகிறார்கள்.

போர்ட் பிளேரின் சிக்கல் எண்ணிக்கையோடு முடிவதில்லை. ஒரே நகரில், ஒரே ஒன்றிய அரசின் கீழ், அரசுப் பள்ளிகளே அடுக்கடுக்காக நிற்கின்றன. இடமாறுதலுக்குட்பட்ட ஒன்றிய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை அளிக்கும் கேந்திரிய வித்யாலயாக்கள் ஒரு அடுக்கு. யூனியன் பிரதேசக் கல்வித் துறையின் நகர்மையப் பள்ளிகள் அடுத்த அடுக்கு. அதற்கும் கீழே வங்கம், தமிழ், தெலுங்கு வழியில் உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பள்ளிகளும் பிரிவுகளும். இந்த அடுக்குமுறையைக் கலைப்பதற்குப் பதிலாக மேலும் ஓர் அடுக்கைச் சேர்ப்பதுதான் மோடி அரசின் கொள்கை. 2022இல் அறிவிக்கப்பட்ட பி.எம்.ஸ்ரீ திட்டம் ஐந்தாண்டுகளில் 14,500 பள்ளிகளுக்கு 27,360 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாட்டில் உள்ள அரசுப் பள்ளிகள் பத்து லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு ஒன்றரைப் பள்ளியை மினுக்கி, மீதியை மறந்துவிடுவதற்குப் பெயர் முன்மாதிரியாம். அருகமைப் பள்ளியையும் பொதுப் பள்ளி முறையையும் 1966இல் பரிந்துரைத்த கோத்தாரி குழு இதற்கு நேர் எதிரான திசையைக் காட்டியிருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். துறைமுகத்திலும் கட்டுமானத்திலும் கடைத்தெருவிலும் உழைக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்களில் உண்டு. சாஸ்திரி - சிறிமாவோ உடன்பாட்டுக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் உண்டு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு கூறுகிறது. கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. சிபிஎஸ்இ கூட 2023 ஜூலையில் இந்திய மொழிகளில் கற்பிக்கலாம் என்று சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை பாடம் நடத்தாது, ஆசிரியர் வேண்டும்.

தாய்மொழி வழிப் பள்ளிகள் தேய்வது எப்படி என்பதை நாம் தமிழ்நாட்டிலும் கண்டிருக்கிறோம். ஓய்வு பெற்ற பாட ஆசிரியரின் இடம் நிரப்பப்படுவதில்லை. ஓராண்டு பொறுத்துப் பார்க்கும் பெற்றோர் மறு ஆண்டு கடன் வாங்கியாவது தனியார் ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றுகிறார்கள். சேர்க்கை குறைகிறது. சேர்க்கை குறைந்ததால் பணியிடம் தேவையில்லை என்று கோப்பு எழுதப்படுகிறது. பிறகு இணைப்பு, அதன் பிறகு மூடல். கடைசியில் மக்களுக்கே தாய்மொழிக் கல்வியில் விருப்பமில்லை என்ற அறிக்கை வெளியாகிறது. காலிப் பணியிடத்தில் தொடங்கிய கதைக்குப் பெற்றோர் மீது பழி! ஆங்கிலம் கற்க வேண்டும் என்ற பெற்றோரின் விருப்பத்தை நாம் இழிவாகப் பார்க்கக் கூடாது. அது நியாயமான வர்க்க வேட்கை. தமிழ் வழிப் பள்ளியில் ஒரு நல்ல ஆங்கில ஆசிரியரையும் ஒரு நல்ல கணித ஆசிரியரையும் நிறுத்தாதவரை மொழிப்பற்று பற்றிய உபதேசம் அவர்கள் காதில் ஏறாது.

பிற மாநிலங்களில் நிதி குறைந்தால் ஒன்றிய அரசு மாநிலத்தைக் குறை கூறும், மாநிலம் ஒன்றிய அரசைக் குறை கூறும். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டின் சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தப்பட்டதை நாடறியும். அந்தமானில் இந்தச் சாக்குக்கு இடமே இல்லை. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்குச் சமக்ர சிக்ஷா நிதி நூறு சதவீதமும் ஒன்றிய அரசுடையது. ஆட்சி நடத்துபவர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படும் துணைநிலை ஆளுநர். கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, எந்தப் பள்ளியிலும் காலிப் பணியிடங்கள் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பள்ளிக்குப் பள்ளி என்பதைக் கவனியுங்கள். சட்டம் சராசரியைப் பேசவில்லை. கிரேட் நிக்கோபாரில் 72,000 கோடி ரூபாய் எனத் தொடங்கிய துறைமுகத் திட்டத்திற்கு மழைக்காட்டையும் பழங்குடியினர் நிலத்தையும் கைமாற்ற வழி கண்டவர்களுக்கு, ஓர் இயற்பியல் ஆசிரியரை நியமிக்க வழி தெரியவில்லை என்பதை நம்ப இயலாது.

நியமனம் நடந்தாலும் அது எத்தகையது என்ற கேள்வி இருக்கிறது. ஒப்பந்த ஆசிரியர் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பை எதிர்பார்த்து நிற்பவர்; நிரந்தர ஆசிரியரும் அவரும் தலைக்கணக்கில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். தினக்கூலித் தொழிலாளர்களின் ஊதியம் தொடர்பான உத்தரவை நிறைவேற்றாததற்காக 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தலைமைச் செயலாளரை இடைநீக்கம் செய்து, துணைநிலை ஆளுநருக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்ததும், மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் நினைவிருக்கும். இந்த நிர்வாகம் உழைப்பை எப்படி மதிக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

முதலாளித்துவ அமெரிக்காவிலேயே இந்தத் தந்திரம் ஒருமுறை அம்பலப்பட்டது. நகரின் எல்லாப் பள்ளிகளுக்கும் சராசரி ஊதியத்தைக் கொண்டு கணக்கிட்டதால் செலவு சமமாகத் தோன்றியது. அனுபவமிக்க ஆசிரியர்கள் வசதியான பகுதிகளில் குவிந்திருந்ததும், ஏழைகளின் பள்ளிகளில் புதியவர்களே மாறி மாறி வந்து போனதும் மறைந்து நின்றன. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாணவருக்கு உண்மையில் செலவாகும் தொகையை, உண்மையான ஊதியத்தை வைத்துக் கணக்கிட்டு வெளியிட வேண்டும் என்று 2015இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றத்தாழ்வு அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் அதை மறுப்பது கடினமாயிற்று.

நம்முடைய பணியிலும் குறை உண்டு. பள்ளிப் பிரச்சினை நமக்குப் பெரும்பாலும் மனு கொடுக்கும் நாளில் மட்டுமே நினைவுக்கு வருகிறது. சேர்க்கை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு பள்ளியின் யுடைஸ் அறிக்கையும் இணையத்தில் எவரும் பார்க்கக் கூடியதே. கிளைத் தோழர்கள் தங்கள் வட்டாரப் பள்ளியின் அறிக்கையை எடுத்துக்கொண்டு, பெற்றோருடன் சென்று ஒப்பிட வேண்டும். பதிவில் உள்ள ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறதா, பெண் குழந்தைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பதிவில் உள்ள ஆசிரியர் வேறு அலுவலகத்தில் அயல்பணியில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கும், பாதி இடம் பெண்களுக்கும் உரியது. அந்தக் குழு கூடுகிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஆசிரியர்களை எதிரிகளாக நிறுத்தும் வேலை அல்ல இது. ஆள் பற்றாக்குறையின் முதல் பலி அவர்களே. ஆசிரியர் சங்கங்களை உடன் அழைத்தே இதைச் செய்ய வேண்டும்.

தீவுகளுக்கு மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். மாநிலங்களவையில் எவரும் இல்லை. ஆகவே தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்றுள்ள நம் உறுப்பினர்கள் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். ஸ்ரீ விஜயபுரம் நகரில் உள்ள ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும், பாட வாரியாக, பயிற்று மொழி வாரியாக, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரந்தர ஆசிரியர் எத்தனை, ஒப்பந்த ஆசிரியர் எத்தனை, காலியிடம் எத்தனை மாதங்களாக உள்ளது? கேள்வி பள்ளிவாரியாகவே கேட்கப்பட வேண்டும். யூனியன் பிரதேசம் முழுமைக்கும் என்று கேட்டால், அந்தப் பழைய சராசரியே மீண்டும் பதிலாக வரும்.